கரண்ட் போன பிறகும் பேசியவள்

வெரோனிக்கா இரண்டாம் முறை செத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

முதல் சாவு செப்டம்பரில் நடந்தது. புற்றுநோய். வீட்டுக் கட்டிலிலேயே உயிர் போனது. ஃபாதர் வந்தார், சொந்தபந்தம் வந்தது, கல்லறையில் பூ வைத்தார்கள். இரண்டாவது சாவுக்கு யாரும் வரவில்லை. அவள் பேரில் பூசை வைத்துவிட்டு நனைந்த குடையோடு வீடு திரும்பிய பெர்னார்ட், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திகைத்து நின்றார். இடியும் மழையும் ஓய்ந்திருந்தன. போன கரண்ட் திரும்பி வந்து எல்லா விளக்கும் எரிந்தன. மனைவியின் குரல் மட்டும் இல்லை. விழுந்தடித்து மாடிக்கு ஓடினார். அறையில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

குரல் என்ன, டிஸ்க் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். வெரோனிக்கா படுக்கையில் விழுந்ததும், அவள் எழ முயன்று விழுந்துவிடாமல் கவனிக்க பெர்னார்ட் கட்டிலுக்கு எதிரே ஒரு சின்னக் கேமரா வைத்தார். படமும் பேச்சும் நாள் நாளாக ஒரு டிஸ்க்கில் சேர்ந்துகொண்டே வந்தன. அவள் போன பிறகு அந்த டிஸ்க்கை மாடியிலிருந்த ஹோம் தியேட்டர் அறையில் மாட்டினார். முதல் நாளிலிருந்து வரிசையாக ஓடவிட்டார். காலையில் எழுந்தால் அவள் பேச்சு, படுக்கும்வரை அவள் பேச்சு. மாடியிலிருந்து வயர் இழுத்துக் கீழே ஹாலிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்துவிட்டார். "தண்ணி குடு", "ஃபேனைக் குறை", "யாரு வந்தது?" என்று செத்தவள் அந்த வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். பினாங்கின் புலாவ் தீக்குஸில் அந்தச் சந்து வழியே போகிறவர்கள், அவர்கள் வீட்டைத் தாண்டும்போது நடையைக் கூட்டினார்கள்.

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை.

காமினி காடியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. பினாங்கில் விழும் இடியைவிட, இடி விழுந்தது என்று வந்து விழும் க்ளெய்ம்தான் அதிகம் என்பது அவளுடைய அனுபவம். பழைய டிவியை மாற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

"க்ளெய்ம் போட்டது யாரு?"

"நான்தான்." பெர்னார்டின் மகன் பிரையன், முப்பத்தைந்து வயதுக்காரன், கையில் ஃபைலோடு நின்றான். "வியாழக்கிழமை இடி. கடைக்காரரும் வந்து பாத்து இடின்னுதான் சொன்னாரு. நீங்க ஒரு சைன் போட்டா முடிஞ்சது லா."

"சைன் போடத்தான் ஆளுன்னா என்னை எதுக்கு அனுப்புறாங்க? முத்திரை குத்த ஒரு ரப்பர் சாப்பு போதுமே. ரூமைக் காட்டுங்க."

படியேறும்போது பிரையன் குரலைத் தாழ்த்தினான். "மூணு நாளா டாடி கோப்பியைத் தவிர ஒண்ணும் தொடல. இருதயக்காரரு. மருந்தும் வேணாங்குறாரு. இப்படியே போனா அடுத்த பெட்டி அவருக்குத்தான். ஏதாவது சொல்லி முடிச்சு வைங்க, ப்ளீஸ்."

அறையில் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. சுவர் முழுக்கச் சத்தத்தை வெளியே விடாத பஞ்சுப் பலகை. நடு நாற்காலியில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார் பெர்னார்ட். கண் மட்டும் திறந்திருந்தது.

"பணம் எனக்கு வேணாம்மா. இடி கொன்னுச்சா, ஆளு கொன்னுச்சா? அத மட்டும் சொல்லு."

"டாடி! அது வெறும் டிஸ்க்."

"உனக்கு டிஸ்க்."

இதற்கெல்லாம் மசிந்தால் இந்த வேலை பார்க்க முடியாது என்று காமினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "டிஸ்க்ல இருக்குறதை இன்னொரு காப்பி எடுத்து வைக்கலியா அங்கிள்?"

"கரண்டுக்கு வழி பண்ணேன். இடிக்கு வழி பண்ணேன். இன்னொன்னு எடுத்து வைக்கணும்னு இந்த மரமண்டைக்குத் தோணலியே."

தரையில் கனமான ஒரு யூபிஎஸ் பெட்டி இருந்தது. கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரியால் மாட்டிய சாமான்களை ஓட்டும் பெட்டி. பக்கத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர். கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும் நீளக் கட்டை. ப்ளேயர், டிஸ்க், பெரிய ஆம்ப், ஹால் ஸ்பீக்கருக்கான குட்டி ஆம்ப் எல்லாம் யூபிஎஸ்ஸில். ப்ரொஜெக்டர் மட்டும் கட்டையில்.

"ப்ரொஜெக்டருக்கு ஏன் பேட்டரி குடுக்கல?"

"அது கரண்டை மடக் மடக்குன்னு குடிக்கும். அதையும் மாட்டினா பேட்டரி சீக்கிரம் படுத்துரும்னு கடைக்காரன் கிஷன் சொன்னான். படம் எதுக்கும்மா? அவ எலும்பா கெடக்குறதுதானே அதுல இருக்கு. குரல் இருந்தாப் போதும்." அந்தப் பெட்டியைக் கையால் காட்டினார். "ஒரு நாளு அவ பேசிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. பாதி வார்த்தையில வாய் அடைச்சுப் போச்சு. அவ போன விடியக்காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே. அன்னிக்கே கிஷன் கடைக்கு ஓடினேன். இருக்குறதுலயே பெருசு குடுடான்னேன்."

காமினி டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ப்ளேயர் ஓடியது. பெரிய ஆம்ப் ஓடியது. ப்ரொஜெக்டர் பளிச்சென்று சுவரில் வெளிச்சம் அடித்தது. டிஸ்க் மட்டும் பிணம். அதற்குப் போகும் வயரின் முனையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. கட்டையில் இரண்டு சின்ன விளக்குகள். ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அடுப்படியில் பெர்னார்டின் தங்கை சவுந்தரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகாதவள். அண்ணன் வீடே அவள் வீடு. வெரோனிக்காவுக்குக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியது அவள்தான். ஹால் ஸ்பீக்கரில் பிரையன் ஃபோனிலிருந்து ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சுரத்தில்லாமல் வந்தது.

"இதுவும் மூணு நாளா மூக்கால அழுவுதும்மா," என்றாள் சவுந்தரம். "இடி இதையும் ரோசாக் ஆக்கிருச்சு போல."

"இடி விழுந்தப்ப எங்க இருந்தீங்க ஆண்ட்டி?"

"இங்கதான். அடுப்படியில. டமார்னு ஒண்ணு விழுந்துச்சு பாரு, அலாமாக், வீடே அதிருச்சு. கரண்ட் போயிருச்சு."

"பிறகு?"

சவுந்தரத்தின் விரல் கீரைக் காம்பிலேயே நின்றது. "பிறகும் அண்ணி பேசினாங்க."

"ம்."

"கரண்டே இல்லம்மா. கும்மிருட்டு. எம் பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. 'சவுந்தரம், ஏன் இருட்டா இருக்கு'ன்னு கேட்டாங்க."

காமினிக்கு முதுகு சில்லென்றது. பேட்டரியில் ஓடியிருக்கிறது, சாகும் தறுவாயில் கண் மங்கியவள் என்றைக்கோ கேட்ட கேள்வி என்று அறிவு சொன்னது. உடம்பு அதைக் கேட்கவில்லை. பட்டப்பகலில் அந்த அடுப்படி மூலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இது உத்தரிக்கிற ஆத்துமாக்கள் மாசம்மா, செத்தவங்க கரையேற ஜெபிக்கிற மாசம். குரலைப் புடிச்சு வச்சிருந்தா ஆத்துமா எப்படிக் கரையேறும்? அண்ணன்கிட்ட எத்தனை வாட்டி சொன்னேன். அன்னிக்குக் கூடவே ஒரு கோழிக்குஞ்சு வேற கத்துச்சு. கீச்… கீச்சுன்னு, விட்டு விட்டு. தாயைத் தொலைச்ச குஞ்சாட்டம்."

"ஸ்பீக்கர்லயா?"

"இல்லல்ல. அண்ணி பேச்சு நின்ன பிறகும் அது கத்துச்சே. ஈரக்குலையே நடுங்கிருச்சு."

"இடி இடிச்சா ப்ளக்கைப் புடுங்க மாட்டீங்களா? எங்க வீட்டுல மேகம் கறுத்தாலே எங்கம்மா ஓடிப் போயி டிவி ப்ளக்கைப் புடுங்கிருவாங்க."

"நான் மட்டும் என்ன? ஆயுசு பூரா புடுங்குனவதான். அந்தப் பெட்டி வந்ததுலேருந்து, தொட்டா கையை ஒடிச்சிருவேன்னுட்டாரு அண்ணன்."

பிரையனை வாசலில் வைத்து விசாரித்தாள்.

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"போர்ச்சுல. தண்ணி ஏறுதுன்னு காடியை மேல ஏத்திக்கிட்டு இருந்தேன்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பாயான் லெப்பாஸ்ல, எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. போர்டு ரிப்பேர்."

"அந்த டிஸ்க்கை உடைக்கிறேன்னு சொன்னீங்களாமே?"

முகம் சிவந்தான். "சொன்னேன். யாரு சொன்னாலும் உண்மைதான். சிம்பாங் அம்பாட்ல எனக்கு வீடு இருக்கு, வாங்க டாடின்னா, மம்மியை விட்டுட்டு வரமாட்டேங்குறாரு. செத்தவங்க பேசுற வீட்டுல எத்தனை நாளைக்கு இருப்பாரு? ஆனா நான் தொடல. தொட்டிருந்தா ஒத்துக்கிட்டுப் போயிருவேன்."

கிஷன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தான். வரும்போதே வேர்த்திருந்தது. சாமானெல்லாம் விற்றவனும் மாட்டியவனும் அவன்தான்.

"வெள்ளிக்கிழமை வந்து பாத்தியே, சாமானைத் திருப்பிப் பாத்தியா?"

"மோந்து பாத்தேன் அக்கா. கருகின வாடை. இடிதான்னேன்."

"ஏன் அவ்வளவு அவசரம்? கட்டையில ரெண்டாவது விளக்கு எரியல. அதைப் பத்தி யாரும் கேக்குறதுக்குள்ள ஓடிட்டே. சரிதானே?"

கிஷன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "பழைய வீடு அக்கா. வயரிங்ல எர்த்தே கெடையாது. எர்த் இல்லாட்டி அந்தக் கட்டை பாதிதான் வேலை செய்யும். வயரிங் மாத்தணும்னு சொன்னா அங்கிள் இன்னும் ஒரு மாசம் காத்திருக்கணும். அவரு கண்ணுல தண்ணியோட நின்னாரு. பிறகு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஆண்ட்டியைக் கொன்னது நான்தான் அக்கா."

"உன் பங்கைப் பிறகு பேசுவோம். அந்தக் கலர் டேப் எதுக்கு ஒட்டின?"

"அடாப்டர் ரெண்டுக்கும் ஒரே மாதிரி முனை. கொழம்பக் கூடாதுல்ல? டிஸ்க்குக்கு வெள்ளை, ஹால் ஸ்பீக்கர் ஆம்புக்கு சிவப்பு."

காமினி மாடிக்குப் போனாள். யூபிஎஸ்ஸின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தாள். ஜெபமாலையை நிறுத்தச் சொன்னாள். அடுப்படியில் நின்று காது கொடுத்தாள். ஐஸ்பெட்டியின் உறுமலும் வெளியே ஒரு மோட்டார் சைக்கிளும் கேட்டன. வேறொன்றுமில்லை. மழை பெய்தால் இதுகூடக் கேட்காது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'இடி' என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் மனுஷர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். பொய்ப் பதிலை வைத்துக்கொண்டு அவர் பிழைக்கப்போவதில்லை.

"எல்லாரும் மேல வாங்க."

கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. கீச்… கீச்… சின்னச் சத்தம். விட்டு விட்டு வந்தது. சவுந்தரம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது யூபிஎஸ். சுவத்துக் கரண்ட் இல்லாட்டி இப்படித்தான் கத்தும்," என்றாள் காமினி. "அங்கிள், இடி கொல்லல. அதுக்குச் சாட்சி வெரோனிக்கா ஆண்ட்டியோட குரலேதான். இடி விழுந்துச்சு, கரண்ட் போச்சு, அதுக்குப் பிறகும் அவங்க பேசினாங்க. அந்தப் பேச்சுக்குப் பயந்தாங்களே ஒழிய, அது எதைக் காட்டுதுன்னு யாரும் யோசிக்கல. இடியில டிஸ்க் போயிருந்தா பேசினது எது? இடிக்குப் பிறகு டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு."

பெர்னார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொன்னது தப்பான அடாப்டர். டிஸ்க்ல இப்ப இருக்குறது சிவப்பு டேப். அது ஹால் ஆம்போடது. அதுக்கு வேண்டியதுல பாதி வோல்ட்தான் டிஸ்க்குக்கு வேணும். இதைச் செருகினதும் கருகிருச்சு. டிஸ்க்கோட வெள்ளை டேப் ஹால் ஆம்புல கெடக்கு. அதுக்குக் கரண்ட் பத்தல, அதான் ஸ்பீக்கர் மூக்கால அழுவுது. யாரோ எல்லா வயரையும் உருவிட்டு, திரும்ப இஷ்டத்துக்குச் செருகியிருக்காங்க."

பிரையன் வாயைத் திறந்தான். காமினி கையமர்த்தினாள்.

"நீங்க இல்ல. கிஷனும் இல்ல. வேலை தெரிஞ்ச ஆளு டிஸ்க்கைக் கொல்லணும்னா, கொன்னுட்டு வயரை ஒழுங்கா மாத்தி வச்சிட்டுப் போயிருப்பான். இப்படிச் சாட்சியை விட்டுட்டுப் போகமாட்டான். மாறினது தப்புன்னே தெரியாத கைதான் இதை விட்டுட்டுப் போயிருக்கு. அங்கிள் கோயில்ல இருந்தாரு. மிச்சம் ஒருத்தர்தான். இந்தக் கீச்சுச் சத்தம் கீழ கேக்காது. இப்பத்தான் நின்னு பாத்தேன். இந்த ரூமுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் அது கோழிக்குஞ்சு." திரும்பினாள். "இல்லையா ஆண்ட்டி?"

சவுந்தரம் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மாதாவே… நான் கொல்லணும்னு வரலம்மா. வாயை மூடணும்னுதான் வந்தேன். கும்மிருட்டுல எம் பேரைச் சொல்லிக் கூப்புடுறாங்க. ஓடிவந்து ப்ளக்கைப் புடுங்குனேன். ப்ளக் எங் கையில இருக்கு. அண்ணி இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க! கரண்டும் இல்ல, ப்ளக்கும் இல்ல, பேச்சு மட்டும் நிக்கல. என்ன பண்ணுவேன்? கைக்குக் கெடைச்ச வயரையெல்லாம் இழுத்தேன். நின்னுச்சு. அண்ணன் வர்றதுக்குள்ள திரும்பச் செருகினேன். பொகை வந்துச்சு."

"ஏன் அத்தை?" பிரையனின் குரல் உடைந்தது. "ஏன் அவ்வளவு பயம்? இத்தனை நாளு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கடைசி வாரம் வந்துருச்சுடா. இன்னும் ரெண்டு நாள்ல அந்த ராத்திரி வந்துரும்." அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்களுக்குள்ள சண்டை வராத நாளில்ல. ஆனா அன்னிக்குச் சொன்னது சண்டையில்ல. தூங்கி எத்தனையோ நாளாயிருந்துச்சு. துணி மாத்திப் படுக்க வச்சா திரும்ப நனைச்சுட்டாங்க. 'இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இப்படி இழுத்துக்கிட்டுக் கெடப்பீங்க, போய்ச் சேருங்களேன்'னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன். விடியறதுக்குள்ள போயிட்டாங்க. கேமரா அதையும் புடிச்சிருக்குமே. அது ஹால்ல, அண்ணன் காதுல விழுறதுக்குள்ள நான் செத்துரணும்னு வேண்டிக்கிட்டேன்."

யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. காமினி குனிந்து ப்ளக்கைச் சுவரில் செருகினாள்.

"நான் அதைக் கேட்டுட்டேன் சவுந்தரம்," என்றார் பெர்னார்ட்.

அவள் தலை தூக்கினாள்.

"அடக்கம் பண்ண அன்னிக்கே கேட்டுட்டேன். கடைசி நாளைத்தான் முதல்ல கேட்டேன். அவ கடைசியா என்ன சொன்னான்னு தெரியணும்ல எனக்கு?"

"ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணே!"

"கேட்டு? நீ பாதியில எந்திரிச்சுப் போயிட்ட. அவ உனக்குப் பதில் சொன்னா. நீ கேக்கல."

"என்ன… என்ன சொன்னாங்க?"

"நான் சொன்னா நம்புவியா? தங்கச்சியைத் தேத்துறதுக்கு அண்ணன் பொய் சொல்றாருன்னு நெனைப்ப. அவ வாயாலயே நீ கேக்கணும்னுதான் ஹாலுக்கு வயர் இழுத்தேன். முதல் நாள்லேருந்து ஓடட்டும், அந்த நாளு வரும்போது நீ அடுப்படியில நிப்ப, கேப்பேன்னு இருந்தேன். நடுவுல கரண்ட் போயிரக் கூடாதுன்னுதான் இவ்வளவு பெரிய பெட்டி வாங்குனேன்." அவர் குரல் கம்மியது. "ஒக்கார வச்சுப் போட்டுக் காட்டியிருக்கலாம். அதுக்கு எனக்குத் தைரியமில்ல. தப்பு எம்மேலதான்."

பிரையன்தான் முதலில் அசைந்தான். டிஸ்க்கைக் கழற்றிச் சன்னலோரம் கொண்டுபோய்த் திரையை விலக்கி, பின்பக்கத்தை உற்றுப் பார்த்தான். "போர்டுல காவலுக்குன்னு ஒரு சின்ன பார்ட் இருக்கும் டாடி. வோல்ட் ஏறினா அது தான் கருகிட்டு மத்ததைக் காப்பாத்தும். இங்க பாருங்க, அதுதான் கருகியிருக்கு. உள்ள இருக்குறது நல்லா இருக்கலாம். ப்ராமிஸ் பண்ண மாட்டேன். என்கிட்ட குடுங்க."

க்ளெய்ம் ஃபாரத்தில் காமினி 'இடி அல்ல' என்று எழுதினாள். அதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவளையும் வரச் சொன்னார்கள். கருகிய பார்ட்டைப் பிரையனே கழற்றியிருந்தான். டிஸ்க் பிழைத்துக்கொண்டது. முதல் வேலையாக அதற்கு இரண்டு காப்பியும் எடுத்துவிட்டான். மாடி அறையில் ப்ரொஜெக்டரைப் போடவில்லை. சவுந்தரம் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். மடியில் ஜெபமாலை.

பெர்னார்ட் பட்டனை அமுக்கினார்.

ஃபேன் ஓடும் சத்தம் முதலில் வந்தது. துணி உரசியது. பிறகு சவுந்தரத்தின் சொந்தக் குரல், அலுத்து, கரகரத்து, அந்த வார்த்தைகளை முழுக்கச் சொன்னது. நேரில் சொன்னதைவிட மோசமாகக் கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கதவு அடித்துச் சாத்தும் சத்தம். வெகுநேரம் ஃபேன் மட்டும் ஓடியது. காமினிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

பிறகு ஒரு சிரிப்பு. இருமலில் பாதி கரைந்த சிரிப்பு.

"சரிதான் போடி," என்றாள் வெரோனிக்கா. "நான் போயிட்டா நீ யாரோட சண்டை போடுவ?"

சவுந்தரம் வாயைப் பொத்திக்கொண்டு கதறினாள். பெர்னார்ட் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.